தூங்கப் போன இஎஸ்பி எழுந்திருக்கவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சென்னிமலைக்காரர்:

எங்கள் தோட்டம் சென்னிமலைக்குத் தெற்கே. கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். தொட்டி நிறைந்ததா என்று பார்க்க அப்பாரு தினமும் நாலு தரம் ஏணி ஏறுவார். அதை நிறுத்தத்தான் இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள ஒரு நோட்எம்சியூ போர்டு, இரண்டு மிதவை சுவிட்ச், சார்ஜ் ஏற்றக்கூடிய ஒரு 18650 லித்தியம் பேட்டரி வாங்கினேன். 15 நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து, தொட்டியைப் பார்த்து, சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கும் வைஃபை வழியாக ஃபோனுக்குச் சொல்லிவிட்டு மறுபடி தூங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் தூங்கியது, எழவே இல்லை. புதிதாக வருகிற எல்லோரும் விழுகிற குழி இது. இஎஸ்பி8266 தானாக எழாது. நேரம் முடிந்ததும் ஜிபிஐஓ16 என்ற சிப்பின் காலை (பின்னை) ஒரு கணம் கீழே இழுக்கும், அதற்கு மேல் எதுவும் செய்யாது. அந்தக் கால், போர்டில் டி0 என்று போட்டிருப்பது, ரீசெட் காலோடு ஒயரால் சேர்ந்திருந்தால்தான் விழிப்பு. அப்போதும் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து பூட் ஆகும். ஒயரைப் போட்டேன். மேசை மேல் இரண்டு நாள் பிசகாமல் ஓடியது.

தோட்டத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் காலை பார்த்தால், ஃபோனில் கடைசித் தகவல் இரவு 2:40க்கு வந்தது. அப்பாரு ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே, "ஏங் கண்ணு, உன்ற மிசினு இன்னும் எந்திரிக்கலையாட்ட இருக்குது" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து யூஎஸ்பியில் மாட்டினால் நல்ல பிள்ளையாக எழுகிறது! இரண்டு வாரம் புரோகிராமைத் திருத்தித் திருத்தி வீணடித்தேன். பேட்டரியிலேயே ஓடவிட்டு, போர்டு சொல்வதைக் கம்ப்யூட்டரில் காட்டும் தனி சீரியல் அடாப்டரில் டிஎக்ஸ் (போர்டு தகவல் அனுப்பும் கால்), கிரவுண்ட் இரண்டை மட்டும் மாட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. சீரியல் வேகத்தை (பாட் ரேட்) 74880இல் வையுங்கள். 115200இல் வைத்தால், சிப் தொடங்கும்போது அனுப்பும் பூட் வரி வெறும் கிறுக்கலாகத் தெரியும். எனக்கு பூட் மோட் 3 என்று வந்தது, அதாவது புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் மெமரியிலிருந்து சரியாகத்தான் தொடங்குகிறது. வைஃபை தொடங்குகிற இடம் வந்ததும் திரும்பவும் அதே பூட் வரி. மறுபடி அதே. நாலைந்து தரம் முக்கிவிட்டு அப்படியே அடங்கிவிட்டது.

குற்றவாளி போர்டில் வோல்டேஜைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர். அது 3.3 வோல்ட் கொடுக்க வேண்டுமானால் உள்ளே அதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக வர வேண்டும். 18650 முழு சார்ஜில் 4.2 வோல்ட். அது 3.8க்கு இறங்கினால் சிப்புக்குக் கிடைப்பது 2.7 சொச்சம். தூங்கும்போது சிப்புக்கு 20 மைக்ரோஆம்பியர் போதும், அதனால் ஒன்றும் தெரியாது. எழுந்து வைஃபையைத் திறக்கிற கணத்தில் 300 மில்லிஆம்பியர் வரைக்கும் இழுக்கும், அங்கேதான் சரிகிறது. போதாக்குறைக்கு அந்த ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே சுமார் 5 மில்லிஆம்பியர் தின்னும். தூங்குகிற சிப்பைப் போல 250 மடங்கு!

போர்டை ஓரம் வைத்துவிட்டு, அதே சிப் உள்ள வெறும் இஎஸ்பி-12எஃப் மாட்யூல், வோல்ட்டை அவ்வளவு வீணாக்காத எச்டி7333 ரெகுலேட்டர், ஒட்டினாற்போல ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்று மாற்றினேன். ஆறு மாதமாக ஓடுகிறது. அப்பாரு இப்போதும் ஏணி ஏறுகிறார், மிசின் சொல்வது சரிதானா என்று பார்க்க.

கோபிக்காரர்:

அந்த டி0 ஒயர் போட்ட பிறகு போர்டில் புரோகிராம் ஏறாது, கழற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இது தெரியாமல் யூஎஸ்பி கேபிள் மூன்று வாங்கியவன் நான். இப்போது கழற்றி மாட்ட வசதியாக நடுவே ஒரு ஜம்பர் வைத்திருக்கிறேன். இன்னொன்று: என் போர்டில் ஒரு எல்இடி டி0விலேயே இருந்தது. வேலை செய்கிறதா என்று அதை மினுக்கிப் பார்த்தேன். டி0 கீழே போகும்போதெல்லாம் ரீசெட் ஆகி, போர்டு பேய் பிடித்த மாதிரி ஆடியது.

விலை குறைவு என்று, அதே சிப் உள்ள குட்டி மாட்யூலான இஎஸ்பி-01 வாங்க நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அதில் ஜிபிஐஓ16 வெளியே வரவே இல்லை. சிப்பின் காலிலேயே முடி மாதிரி ஒயரைப் பற்றவைக்க வேண்டும். கண்ணும் கையும் இருந்தால் செய்யலாம்.

உடுமலைக்காரர்:

எனக்கு ஒயரெல்லாம் சரி, வோல்டேஜும் சரி. தென்னந்தோப்பில் மண் ஈரம் பார்க்கும் போர்டு. 30 நிமிடம் வைத்தால் எழும், 60 நிமிடம் வைத்தால் எழாது. தூக்க நேரத்தை மைக்ரோசெகண்டில் 30 * 60 * 1000000 என்று எழுதியதில் 30ஐ மட்டும் 60 ஆக்கினேன், வேறொன்றும் தொடவில்லை. விஷயம் பெருக்கலில் இருந்தது. கணக்கு 32 பிட் இன்ட் என்ற முழு எண் வகையில் நடக்கிறது, அதில் 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம்தான் கொள்ளும். மைக்ரோசெகண்டில் அது 35 நிமிடம் 47 நொடி. அதைத் தாண்டினால் எண் மைனஸுக்குப் புரண்டுவிடும், போர்டு அதை வேறு ஏதோ பிரம்மாண்டமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். கடைசி எண்ணோடு யூஎல்எல் (ULL) என்று மூன்று எழுத்து சேர்த்தேன், கணக்கு 64 பிட்டில் நடந்தது, தீர்ந்தது.

அப்புறம், தூக்க நேரத்தை ரொம்ப நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இருந்தால் அந்தக் கடிகாரம் நன்றாகவே விலகும். சரியான நேரம் வேண்டுமென்றால் எழும்போதெல்லாம் நெட்டிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பல்லடத்துக்காரர்:

கோழிப்பண்ணைக் கதவு திறந்தால் எழுப்ப, அதே குடும்பத்தின் வேறொரு சிப்பான இஎஸ்பி32-சி3 வைத்தேன். சுவிட்ச் 10ஆம் காலில். கதவை எத்தனை தரம் திறந்தாலும் அசையவில்லை. சி3இல் 0 முதல் 5 வரை உள்ள கால்கள்தான் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பும். 4க்கு மாற்றினேன், எழுந்துவிட்டது. இதில் ரீசெட் ஒயர் தேவையில்லை, அது பெரிய நிம்மதி.

பவானிக்காரர்:

எல்லோரும் எழாததைச் சொல்கிறீர்கள். என்னுடையது எழுந்துவிட்டுத் தூங்க மறுத்தது. கரண்ட் போனால் ரௌட்டர் அணைந்துவிடும், போர்டு மட்டும் வைஃபையைத் தேடிக்கொண்டே விடிய விடிய விழித்திருக்கும். காலையில் பேட்டரி காலி. நானும் எழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது 12 நொடி பார்க்கும், கிடைக்காவிட்டால் தூங்கப் போய்விடும். நேற்று ராத்திரியும் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. காலையில் பேட்டரி 3.9இல் நிற்கிறது.