பாடம் வீட்டில், கணக்கு வகுப்பில்: உங்கள் அனுபவம் என்ன?

மணல்பெட்டி:
கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் உற்பத்தித் தொழில்நுட்பம் எடுக்கிறேன். உலோக வார்ப்புப் பாடத்தை மட்டும் ஃபிளிப் செய்து பார்த்தேன்; அதாவது பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு வந்து, கணக்கை வகுப்பில் போடுவது. கொலராடோவில் இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில், வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்து கொடுத்ததில் பிரபலமான முறை இது. ஐஐடி ஆசிரியர்களின் என்பிடெல் பாட வீடியோதான் இருக்கிறதே, நாம் எதற்கு எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். முதல் தப்பு அதுதான். அவ்வளவு நீள வீடியோவை அறுபது பேரில் பத்துப் பேர் பார்த்திருந்தால் அதிகம். அப்புறம் நானே போனில் எட்டு எட்டு நிமிஷமாக எடுத்தேன், மின்விசிறி இரைச்சலோடு.

இந்த முறை பார்த்துவிட்டு வந்தார்கள். 10 செ.மீ. கனசதுரம், கனஅளவை மேற்பரப்பால் வகுத்தால் 1.67. இந்த எண் பெரிதானால் இறுக அதிக நேரம் ஆகும். வார்ப்பு சுருங்கும்போது உருகிய உலோகத்தை ஊட்டும் கூடுதல் பகுதிதான் ரைசர்; அது வார்ப்புக்குப் பிறகு இறுக வேண்டும் என்பதால் அதற்கு இதில் 1.2 மடங்கு, அதாவது 2 வேண்டும். உயரமும் விட்டமும் சமமான உருளை என்றால் 12 செ.மீ. பட்டென்று சொன்னார்கள். சரி என்று ஒரு பம்பு உறுப்பின் வரைபடத்தைக் காட்டி, "ரைசரை எங்கே வைப்பீர்கள்?" என்றேன். சத்தமே இல்லை. கடைசி பெஞ்சில் ஒருவன், அப்பா ஃபவுண்டரியில் மணல் அச்சு செய்யும் மோல்டர், "தடிச்ச பக்கம்தான் சார். அதுதான கடைசியா இறுகும்" என்றான். வீடியோ பார்க்காத ஆள் அவன்!

அடுத்த வாரம் ரைசரே வைக்காமல் கையளவு அலுமினியக் கட்டி ஒன்றை வார்த்து, வைஸில் பிடித்து ஹாக்சாவால் அறுக்கச் சொன்னேன். உள்ளே கரையான் அரித்த மாதிரி பொந்து. உறையும்போது சுமார் 6 சதவீதம் சுருங்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தேன். ஒருத்தி பொந்தில் விரலை விட்டுப் பார்த்து, "அந்த ஆறு இதுதானா சார்?" என்றாள்.

நீலச்சுருள்:
நான் மாணவன் பக்கம், கல்லூரி வேறு. வீடியோவுக்கு ஐந்து மார்க் குவிஸ் வைத்தார்கள். விடை ராத்திரியே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். வெட்டும் வேகத்தையும் டூலின் ஆயுளையும் இணைக்கும் டெய்லர் சமன்பாட்டை அப்படித்தான் 'படித்தேன்'. வகுப்பில், கார்பைடு டூலின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆயுள் என்ன ஆகும் என்று சார் கேட்டார். பாதி என்று எழுதினேன். சமன்பாட்டில் அடுக்காக வரும் n-ஐ 0.25 என்று போட்டுப் பார்த்தால் பதினாறில் ஒரு பங்கு! அன்றைக்கே லேத்தில் ஓட்டிக் காட்டினார். சில்லு நீலமாகச் சுருண்டு வந்தது. டூலை எடுத்துப் பார்த்தால் முனை மழுங்கிக் கிடந்தது. அந்த வீடியோவை அதற்கப்புறம்தான் முழுசாகப் பார்த்தேன்.

மணல்பெட்டி:
எங்கள் லேத்தில் ஒருநாள் ஓட்டிப் பார்க்கிறேன். டூல் பில்லுக்கு ஹெச்ஓடி கையெழுத்துப் போட வேண்டும், அதுதான்.