தனுஷ்கோடிக் கரையில் மணலால் ஆன வளையம், இது என்ன?

கரையோரநடை:
வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு தனுஷ்கோடி போயிருந்தோம். எல்லாரும் அரிச்சல்முனையில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நானும் மகளும் மன்னார் வளைகுடாப் பக்கமாகக் கரையோரம் கொஞ்ச தூரம் நடந்தோம். உடைந்த பானையின் கழுத்து மாதிரி, ஒரு பக்கம் திறந்த சாம்பல் நிற வளையம் கிடந்தது. முழுக்க மணல்தான், ஆனால் தொட்டால் உதிரவில்லை, வளைகிறது. மகள் பிளாஸ்டிக் என்றாள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் கிடந்த மட்டி ஓடுகள் பலவற்றில் ஒரே ஒரு வட்டத் துளை, அவ்வளவு சுத்தமாக. அப்புறம் அலை பின்வாங்கினால் கூடவே ஓடிக் கொத்தி, அலை திரும்பினால் தெறித்து ஓடிவரும் சின்ன வெள்ளைப் பறவைகள். இவையெல்லாம் என்ன? பிப்ரவரியில் மறுபடி போகிறோம், எங்கே நடந்தால் நல்லது? கிளிஞ்சல் எடுத்து வரலாமா?

பாம்பன்காரன்:
அண்ணே, நீங்கள் கேட்ட முதல் இரண்டுக்கும் பதில் ஒரே பிராணிதான், மணலுக்குள் புதைந்து திரியும் நிலா நத்தை. அந்த வளையம் அதன் முட்டைக்கூடு. தாய் நத்தை கோழையையும் மணலையும் குழைத்து, நடுவில் முட்டைகளை வைத்து, தன் உடம்பைச் சுற்றியே வார்க்கிறது, அதனால்தான் வளைய வடிவம். வளைந்து கொடுத்தால் முட்டை இன்னும் உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம், பொரித்துவிட்டால் காய்ந்து உதிர்ந்துவிடும். அடுத்த முறை பார்த்தால் அலை தொடும் ஈரத்தில் விட்டுவிடுங்கள்.

துளையும் அதன் வேலைதான். மட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு, அமிலம் சுரந்து அதன் ஓட்டினை இளக்கி, அரம் போன்ற நாக்கால் மணிக்கணக்கில் சுரண்டி உள்ளே இருக்கும் சதையைத் தின்கிறது. துளையை உற்றுப் பாருங்கள், வெளிப்பக்கம் அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகலாகவும் இருந்தால் நிலா நத்தை. நேராக இறங்கியிருந்தால் பெரும்பாலும் முள் சங்கு வகை. மகளிடம் ஒரு லென்ஸ் கொடுத்துவிடுங்கள், நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பாள்.

உள்ளான்பிரியை:
பறவை சாண்டர்லிங், கரையோரம் இரை தேடும் உள்ளான் இனம். ஆர்க்டிக்கில் கூடு கட்டிவிட்டு குளிருக்கு இங்கே வருகிறது. மற்ற உள்ளான்களுக்குப் பின்விரல் உண்டு, இதற்கு இல்லை, ஈர மணலில் கால்தடம் பார்த்தாலே தெரியும். கூட்டத்தை நோக்கி நேராக நடக்காதீர்கள், குழந்தைகள் துரத்தவும் விடாதீர்கள். திரும்பிப் பறக்க வேண்டிய ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அவை இப்போதுதான் கொழுப்புச் சேர்க்கின்றன, ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. எனக்கு இதைப் பார்த்தால் உண்மையாகவே வயிறு எரியும்.

முனையில் பழுப்புத்தலை கடற்காகங்களும் நிற்கும். பெயரை நம்பித் தேடாதீர்கள், குளிர்காலத்தில் தலை வெள்ளையாகிவிடும், கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் மிஞ்சும். பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க வேண்டுமானால் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்கல் நீர். மழை நன்றாகப் பெய்த வருடம் பிப்ரவரியிலும் இருக்கும். 2025-இல் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள், சாலையிலிருந்தே பாருங்கள், சேற்றில் இறங்க வேண்டாம்.

சோழிமணி:
ரெண்டு கிளிஞ்சல் எடுத்தால் கடல் குறைந்தா போய்விடும்? சின்ன வயதிலிருந்து பொறுக்குகிறோம்.

பாம்பன்காரன்:
உடைந்த மட்டி ஓடு ஒன்றிரண்டுக்கு நான் சண்டை போட மாட்டேன். முழுச் சங்கு வேறு விஷயம். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுக்கு வயிறு மெத்தென்று இருக்கும், சொந்த ஓடு கிடையாது, வளர வளரப் பெரிய சங்குக்கு மாறியே ஆக வேண்டும். காலி என்று பையில் போடுவதற்குள் கொஞ்ச நேரம் மணலில் வைத்துப் பாருங்கள், பல நேரம் கால் முளைத்து நடக்கும். நாட்டிலஸ், டிரைட்டன் சங்கு போன்றவை வனவிலங்குச் சட்டப் பட்டியலில் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

கரையோரநடை:
ரொம்ப நன்றி. வடக்கே பெண்கடல் என்கிற பக்கம் அமைதியாக இருக்கும் என்கிறார்களே, அங்கே நடக்கலாமா?

பாம்பன்காரன்:
இந்த மாதங்களில் வேண்டாம். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து நேராக அந்தப் பக்கம்தான் அடிக்கும், பாக் விரிகுடா கலங்கிக் கிடக்கும். ஆண்கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் பக்கம் இப்போதுதான் அடங்கியிருக்கும், ஆனாலும் குளிக்க இறங்காதீர்கள், இழுப்பு பொல்லாதது. காலையிலேயே முனைக்கு வண்டியில் போய் இறங்கி, மேற்கு நோக்கித் திரும்பி நடங்கள், வெயில் முதுகில் விழும், பறவை தெளிவாகத் தெரியும். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், வழியில் நிழலே கிடையாது.