பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறக்கும் நிறுவனம்: ‘ஆய்வுவழிப் புத்தொழில்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக ஆய்வாளர் தம் கண்டுபிடிப்பையே முதலாகக் கொண்டு தொடங்கும் நிறுவனத்துக்கு (ஆங்கிலத்தில் spin-off) ஏற்ற தமிழ்ச் சொல்லாகக் ‘கிளை நிறுவனம்’, ‘சேய் நிறுவனம்’, ‘பிரிநிறுவனம்’ ஆகிய மூன்றும் இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவது வங்கிக் கிளையைத்தான் நினைவூட்டும், அதை விட்டுவிடலாம். ‘சேய் நிறுவனம்’ ஓசைக்கு இனிமையானதே. ஆனால் பெரும்பான்மைப் பங்குகளை வைத்துக்கொண்டு ஆளும் நிறுவனத்தைத் ‘தாய் நிறுவனம்’ என்று வணிகத் தமிழில் எழுதிப் பழகிவிட்டதால், சேய் என்றவுடன் பல்கலைக்கழகமே அதன் உரிமையாளர் என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. பொதுவான நடைமுறை அதுவன்று: பல்கலைக்கழகம் தன் பெயரிலுள்ள காப்புரிமையைப் பயன்படுத்த உரிமம் வழங்கி, அதற்கு ஈடாக உரிமத்தொகையோ சிறிதளவு பங்கோ பெறுகிறது, நிறுவனத்தை நடத்தும் பொறுப்பு வேறு கைகளில் இருக்கிறது.

‘பிரிநிறுவனம்’ என்பது, பெருநிறுவனம் ஒன்று தன் பிரிவைச் சொத்தோடும் ஆட்களோடும் தனியாக்கும்போது கச்சிதமாகப் பொருந்தும். இங்கோ ஆய்வாளர் பலவேளைகளில் பிரிவதேயில்லை. 1976-இல் ஜெனன்டெக் என்ற உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரான ஹெர்பர்ட் பாயர், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் பேராசிரியராகவே நீடித்தார்.

ஆகவே, startup என்பதற்கு வழங்கும் ‘புத்தொழில்’ என்ற சொல்லைக் கொண்டு ‘ஆய்வுவழிப் புத்தொழில்’ என்பதை முன்மொழிகிறேன். பிறப்பிடம் ஆய்வு என்பதை இது சொல்கிறது. உடைமை பற்றியோ பிரிவு பற்றியோ எதுவும் சொல்வதில்லை. இரண்டு நிறுவனங்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். கூகுளின் அடிப்படையான, இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறைக்கான காப்புரிமை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. உரிமத்துக்கு ஈடாகக் கிடைத்த பங்குகளை விற்று அப்பல்கலைக்கழகம் சுமார் 33.6 கோடி டாலர் ஈட்டியது. அது ஆய்வுவழிப் புத்தொழில். 2004-இல் ஹார்வர்டு மாணவர் விடுதியில் தொடங்கிய ஃபேஸ்புக்கோ எந்த ஆய்வுத் திட்டத்தின் விளைவும் அன்று. ஆகவே வெறும் புத்தொழில். தொடங்கியவர் மாணவர், தொடங்கிய இடம் வளாகம் என்பவை மட்டும் போதா.

‘ஆய்வுவழி நிறுவனம்’ என்று சுருக்கலாமே என்றால், ‘ஆய்வு நிறுவனம்’ என்பதோடு அது குழம்பிவிடும். நிறுவனம் வளர்ந்த பிறகும் புத்தொழில் என்பதா என்ற ஐயம் நியாயமானதுதான். ஆயினும் அது புத்தொழில் என்ற சொல்லுக்கே உள்ள சிக்கல் என்பதால், ‘ஆய்வுவழிப் புத்தொழிலாகத் தொடங்கிய நிறுவனம்’ என்று விரித்து எழுதிக்கொள்ளலாம்.

இதையொட்டி இன்னொன்று. கண்டுபிடிப்புகளுக்கு இவ்வாறு உரிமம் வழங்கும் பல்கலைக்கழக அலுவலகத்தைத் (technology transfer office) ‘தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம்’ என்று எழுதிவருகிறோம். பரிமாற்றம் என்றால் இரு தரப்பும் கொடுத்து வாங்குவது. இங்கே தொழில்நுட்பம் ஒரு திசையில்தான் செல்கிறது, அதுவும் பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. ஸ்டான்ஃபோர்டு 1970-இல் அமைத்த அலுவலகத்தின் பெயரிலேயே (Office of Technology Licensing) ‘உரிமம்’ என்ற சொல்தான் இருக்கிறது. எனவே ‘தொழில்நுட்ப உரிம அலுவலகம்’ என்போம். காப்புரிமையையே முழுவதுமாக எழுதிக்கொடுக்கும் அரிய நேர்வுக்குக் ‘கைமாற்றம்’ என்ற சொல்லை ஒதுக்கிக்கொள்ளலாம்.