உதவி தேவை: 2018 டிராஃப்டில் சாக்ரமெண்டோ கிங்ஸுக்கு நான் தயாரித்த மதிப்பெண் அட்டவணையில் பிழை எங்கே?

வளையம்:
வணக்கம். எங்கள் கூடைப்பந்து ஆய்வுக் குழுவில் ஒவ்வொருவரும் ஓர் NBA அணியின் (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பொது மேலாளராக இருந்து, அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பழைய டிராஃப்ட் ஒன்றை மீண்டும் நடத்த வேண்டும். 2018 ஜூன் 21 அன்று தெரிந்திருந்தவற்றை மட்டுமே கணக்கில் கொள்ளலாம். எனக்கு வந்திருப்பது 27 ஆட்டங்களில் வென்று 55-இல் தோற்று, 2006-க்குப் பிறகு பிளேஆஃப் எனப்படும் பருவ இறுதிச் சுற்றுகளின் பக்கமே போகாத சாக்ரமெண்டோ. அதிகம் தோற்ற அணிகளுக்கு முன்வரிசைத் தேர்வு கிடைக்க வாய்ப்பளிக்கும் லாட்டரி குலுக்கலில் இரண்டாவது தேர்வு கிடைத்திருக்கிறது. டியாண்ட்ரே எய்ட்டனை ஃபீனிக்ஸ் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், கூடையடியில் ஆடும் உயர வீரர் மார்வின் பேக்லியா, பந்தைக் கையாண்டு ஆட்டத்தை நடத்தும் லூகா டான்சிச்சா என்பதே கேள்வி.

திறமைக்கு 40, அணியின் தேவைக்கு 40, உடல்திறனுக்கு 20 என்று மதிப்பெண்களைப் பிரித்தேன். முந்தைய ஆண்டு ஐந்தாவதாக எடுத்த டியாரன் ஃபாக்ஸ் ஏற்கெனவே பந்தைக் கையாள்பவராக இருப்பதால், தேவை என்ற பத்தியில் டான்சிச் பின்தங்கி, பேக்லி முந்திவிடுகிறார். கிங்ஸ் அன்று எடுத்த முடிவும் அதுவே. ஆயினும் என் மனம் ஒப்பவில்லை.

இரண்டாம்பாதி:
தேவை என்ற பத்தியை நீங்கள் பாதிதான் நிரப்பியிருக்கிறீர்கள். ஃபாக்ஸ் இருப்பதற்காக டான்சிச்சுக்கு மதிப்பெண் குறைத்த நீங்கள், வில்லி காலி-ஸ்டெயின், ஹாரி ஜைல்ஸ், ஸ்கால் லாபிசியேர், ஸாக் ராண்டால்ஃப் என்று நான்கு உயர வீரர்கள் அணியில் இருந்தும் பேக்லிக்கு ஏன் குறைக்கவில்லை? கூட்டம் மிகுந்திருந்தது கூடையடியில்தான்.

மணிக்கட்டு:
பேக்லியைக் கண்மூடித்தனமான தேர்வு என்று எழுதிவிடாதீர்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 21 புள்ளிகளும் 11 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது) எடுத்தவர் அவர். டான்சிச்சின் வேகம் குறித்த ஐயமும் அன்று உண்மையாகவே இருந்தது. ஆனால் ரியல் மாட்ரிட் அணியில், முதிர்ந்த தொழில்முறை வீரர்களுக்கு எதிராக ஆடி, 19 வயதிலேயே ஐரோப்பிய கிளப்களின் முதன்மைத் தொடரான யூரோலீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவருக்குத் திறமையில் எத்தனை மதிப்பெண் இட்டீர்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லையே?

வளையம்:
பேக்லிக்கு 33, டான்சிச்சுக்கு 36. கல்லூரி ஆட்டத்தையும் யூரோலீக்கையும் ஒரே அளவுகோலில் வைத்துவிட்டேன் என்பது இப்போது புரிகிறது. ஆனாலும், பந்தைக் கையாளும் இருவர் ஒரே அணியில் இருந்தால் ஒருவர் ஆட்டம் குன்றாதா?

இரண்டாம்பாதி:
அந்த அச்சம் பழையது. 1984-இல், ஜோர்டன் ஆடும் அதே இடத்தில் கிளைட் டிரெக்ஸ்லர் இருக்கிறார் என்பதால் போர்ட்லாந்து மைக்கேல் ஜோர்டனை விட்டு சாம் போவியை எடுத்தது. விதிக்குப் புறம்பானாலும், அட்டவணையைச் சோதிக்க மட்டும் ஒன்று சொல்கிறேன்: 2022 கோடையில் 2018-இன் அந்த அணியிலிருந்து ஃபாக்ஸ் ஒருவரே எஞ்சியிருந்தார், அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பேக்லி டெட்ராய்ட்டுக்கு மாற்றப்பட்டிருந்தார். பல ஆண்டுகள் ஆடவேண்டிய இளைஞரை, சில ஆண்டுகளில் கலைந்துவிடும் அணியின் காலியிடத்தை வைத்து அளப்பது எப்படிப் பொருந்தும்? டான்சிச்சும், பந்தைக் கையாள்வதில் தேர்ந்த கைரி இர்விங்கும் சேர்ந்தே டாலஸை 2024 இறுதிச் சுற்றுக்குக் கொண்டு சென்றனர்.

மணிக்கட்டு:
அன்றே தெரிந்திருந்த இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015-இல் செய்த வீரர் பரிமாற்றத்தால், 2019-க்கான தன் முதல் சுற்றுத் தேர்வை கிங்ஸ் ஏற்கெனவே இழந்திருந்தது. இந்தத் தேர்வு பிழைத்தால், மீண்டும் தோற்றுக்கூட அடுத்த ஆண்டு ஈடுகட்ட வழியில்லை. எனவே தேவைக்கு 10 மதிப்பெண்ணுக்கு மேல் தரமாட்டேன்.

வளையம்:
தேவையை 10 ஆகவும் திறமையை 70 ஆகவும் மாற்றி, உயர வீரர்களின் நெரிசலையும் கணக்கில் சேர்த்தபோது, டான்சிச் தெளிவாக முந்துகிறார். மூன்றாவது தேர்வில் டான்சிச்சை எடுத்த அட்லாண்டா, டாலஸுடன் அவரை மாற்றிக்கொண்டு, ஐந்தாவதாக வந்த டிரே யங்கையும் எதிர்கால முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் பெற்றதே. அதுபோல் கீழிறங்கும் வாய்ப்பையும் அட்டவணையில் சேர்க்கலாமா?

மணிக்கட்டு:
சேர்க்கலாம், 2019-இல் தேர்வே இல்லாத அணிக்கு அது பொருளுள்ள வழிதான். ஆனால் டான்சிச்சுக்கும் ஐந்தாம் இடத்தில் கிடைப்பவருக்கும் உள்ள இடைவெளி சிறியது என்று உங்கள் திறமைப் பத்தி காட்டினால் மட்டுமே இறங்குங்கள். 36 என்ற அந்த எண்ணை முதலில் திருத்துங்கள்.