அம்மோனியா சிலிண்டர் லாரியில் எந்த அடையாள வில்லை?

மண்டபம் ஐஸ் கம்பெனி:
தூத்துக்குடியிலிருந்து எங்களுக்கு லாரியில் வரும் அம்மோனியா சிலிண்டர்களில் பச்சை வில்லை மட்டுமே இருக்கிறது. 2026 முதல் விதிகள் மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். இது போதுமா? காலி சிலிண்டர்களுக்கும் வில்லை வேண்டுமா?

தூத்துக்குடி சரக்கு முகவர்:
நீங்கள் கேள்விப்பட்டது, ஆபத்தான சரக்குகளைக் கப்பலில் அனுப்புவதற்கான சர்வதேச விதித்தொகுப்பான ஐ.எம்.டி.ஜி.யின் 42-24 திருத்தம். 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமான அது கடல்வழிச் சரக்குக்கு உரியது. உங்கள் லாரிக்குப் பொருந்துவது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். அவற்றின்படி அவசரத் தகவல் பலகை வண்டியில் மூன்று இடங்களில் இருக்க வேண்டும். விபத்துக்கால வழிமுறை அட்டை ஓட்டுநர் அறையில் இருக்க வேண்டும்.

பச்சை வில்லை, தீப்பற்றாத, நச்சற்ற வாயுவுக்கானது. நீரற்ற அம்மோனியா (ஆபத்தான பொருள்களுக்கான ஐ.நா. அடையாள எண், அதாவது யு.என். எண் 1005) ஐ.எம்.டி.ஜி. பட்டியலில் 2.3 பிரிவு நச்சு வாயு, துணை அபாயம் 8, அதாவது அரிப்புத்தன்மை. எனவே வெள்ளைப் பின்னணியில் மண்டையோட்டுச் சின்னமும், அரிப்புத்தன்மைக்கான வில்லையும் சேர்ந்தே வர வேண்டும். சப்ளையரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள், வாய்ப்பேச்சு உதவாது.

பாம்பன் வாசகர்:
காலி சிலிண்டரிலும் வாயு மிச்சமிருக்கும். சுத்திகரிக்கும்வரை வில்லையைக் கிழிக்கக் கூடாது. நம் உப்புக்காற்றில் காகித வில்லை ஓரம் சுருண்டு, எண்ணே வெளிறிவிடுகிறது. கடல்வழிப் பொதிகளின் குறியீடுகள் மூன்று மாதம் கடல்நீரில் கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்கிறது அதே ஐ.எம்.டி.ஜி. தொகுப்பு. சாலைப் பயணத்துக்கும் அந்தத் தரத்தையே கேட்டு வாங்குங்கள்.