கல்விழுதில் துளை, கல்முளையில் இல்லை: ஏன்?

வினா
அண்மையில் அரக்குப் பள்ளத்தாக்கை அடுத்த போரா குகைகளுக்குச் சென்றிருந்தேன். கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளில் உடைந்திருந்த ஒன்றின் நடுவே குழாய்போலத் துளை இருந்தது. தரையிலிருந்து எழும் கல்முளைகளோ துளையின்றி மொண்ணையாக இருந்தன. உப்பளத்தில் உப்பு விளைவதைப் போல, சொட்டும் நீர் வற்றிச் சுண்ணாம்பு தங்கிவிடுகிறது என்றார் வழிகாட்டி. ஒரே நீர்தான் என்றால் இந்த வேறுபாடு எதனால்?

மறுமொழி 1
உப்பள உவமை இங்கே பொருந்தாது. குகையின் உட்பகுதியில் காற்று ஈரத்தால் ஏறக்குறைய நிறைந்திருப்பதால் நீர் அவ்வளவாக வற்றுவதில்லை. மழைநீர் மண்ணில் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை ஏற்று வீரியம் குறைந்த அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. குகைக் காற்றில் அந்த வாயு மண்ணில் உள்ளதைவிடக் குறைவு. ஆகவே, சோடா புட்டியைத் திறந்தால் வாயு வெளியேறுவதைப் போல, கூரைக்கு வந்த துளியிலிருந்தும் அது வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு, கால்சியம் கார்பனேட்டின் படிக வடிவமான கால்சைட்டாகப் படிகிறது. தொங்கும் துளியின் விளிம்பில் வளையம் வளையமாகப் படிவதால் குழாய் உண்டாகிறது. அதன் குறுக்களவு துளியின் அகலமே, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். துளை அடைபட்டால் நீர் வெளிப்புறமாக வழிந்து விழுது பருக்கும். கீழே விழும் துளி சிதறிப் பரவுவதால் கல்முளைக்குத் துளையும் இல்லை, கூர்நுனியும் இல்லை.

மறுமொழி 2
ஒரு சிறு திருத்தம்: காற்று வீசும் குகை வாயிலருகே வற்றுதலுக்கும் பங்குண்டு. அதோடு, படிவதெல்லாம் கால்சைட் அன்று. மக்னீசியம் மிகுந்த நீரில் அதே கால்சியம் கார்பனேட் ஊசி ஊசியான அரகோனைட்டாகவும் படியும். சில குகைகளில் ஜிப்சமும் உண்டு; அது நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையானது. (குகையில் கீறிப் பார்க்க வேண்டாம், கையின் எண்ணெய்ப்பசை பட்டாலே வளர்ச்சி தடைபடும்.) செம்பழுப்பு நிறம் இரும்பாலும் மக்கிய தாவரப் பொருளாலும் வருவது.

வினவியவர்
நன்றி. அப்படியானால் உயரத்தை அளந்து வயதைக் கணக்கிடலாமா?

மறுமொழி 1
இயலாது. வளர்ச்சி நீரின் அளவுக்கும் மேலுள்ள மண்ணுக்கும் ஏற்ப மாறும், இடையில் நின்றும்போகும். யுரேனியம் தோரியமாகச் சிதைவதை அளந்தே வயதைக் கணிக்கிறார்கள். மேகாலயாவின் மாம்லூ குகையில் எடுத்த கல்முளை ஒன்றின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளில் (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தில்), ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்த தடம் தெரிகிறது. அதையே எல்லைக்குறியாகக் கொண்டு 2018-இல் புவியியல் காலவரிசையில் ‘மேகாலயன்’ என்ற காலப்பிரிவு ஏற்கப்பட்டது.