சென்னை வெயில் 12 மணி நேரம், அதனால டேங்க் லைட்டும் 12 மணி நேரமா?

அக்ரோ_அண்ணாநகர்:
வாட்ஸப் குழுவுல ஒரு பெரியவர் நேத்து அருள்வாக்கு சொல்லியிருக்கார்: "சென்னையில சூரியன் 12 மணி நேரம் இருக்கு, ரீஃப் டேங்குக்கும் (உயிர்ப் பவளம் வளர்க்கற கடல்நீர்த் தொட்டி) 12 மணி நேரம் லைட் போடணும், 8 மணின்னு சொல்றவன் கரண்ட் பில்லுக்குப் பயந்தவன்." அங்க பதில் எழுதினா அட்மின் குழுவைப் பூட்டிடறார். அதனால இங்க.

மெரினாவுல காலைல 6 மணிக்கு எழும்புற சூரியன் அப்பவே உச்சி வெயிலா அடிக்குது? படுத்த மாதிரி சாய்வா வர்ற வெளிச்சத்துல நிறைய தண்ணி மேல பட்டே தெறிச்சுப் போயிடும். பவளத்துக்கு உருப்படியா கிடைக்கறது காலை 9-லிருந்து மாலை 3 வரைதான். உங்க எல்இடி அப்படியா? டைமர் தட்டின முதல் நிமிஷமே 200 பார் (PAR, பவளத்துக்குப் பயன்படற வெளிச்சத்தோட அளவு; சதுர மீட்டருக்கு வினாடிக்கு இத்தனை மைக்ரோமோல்). அதை 12 மணி நேரம் விட்டா 200 × 3600 × 12, ஒரு நாளைக்கு 8.64 மோல். 8 மணி நேரம்னா 5.76. ஜூசாந்தெல்லா (பவளத் திசுவுக்குள்ள வாழ்ந்து அதுக்கு உணவு தர்ற பாசி) ஒரு அளவுக்கு மேல வெளிச்சத்தை உணவா மாத்தாது. மிச்சம் திசுவுக்குள்ள விஷமாகி, பாசியையே பவளம் வெளியே தள்ளிடும். வெளுத்த பிறகு "தண்ணி சரியில்ல"ன்னு புலம்ப வேண்டியது.

உப்புத்தண்ணி:
அந்தப் பெரியவர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கோவிச்சுக்க மாட்டேன். சென்னையில டிசம்பர்லயே பகல் 11 மணி நேரத்துக்கு மேல, ஜூன்ல கிட்டத்தட்ட 13. பவளம் வளர்ற கடல் பெரும்பாலும் பூமத்திய ரேகைக்கு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். 12-ஐ நான் கண்டுபிடிக்கல, கடவுள் போட்ட டைமர்.

அக்ரோ_அண்ணாநகர்:
கடவுள் போட்ட டைமர்ல மேகம் இருக்கு, அலை இருக்கு, ஆழம் இருக்கு. உங்க டேங்க்ல 18 இன்ச் தண்ணிக்கு மேல 165 வாட் பிளாக் பாக்ஸ் (கறுப்புப் பெட்டி எல்இடி லைட்) இருக்கு.

டைமர்_தம்பி:
அண்ணே, ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்வி. 12 மணின்னா ஏறி இறங்குற நேரமும் சேர்த்தா, உச்சி மட்டுமா? 3 மணி நேரம் ஏத்தி, 6 மணி நேரம் 200 பார்ல நிறுத்தி, 3 மணி நேரம் இறக்கினா அது 9 மணி முழு வெளிச்சத்துக்குச் சமம், 6.48 மோல். ஏத்தம் இறக்கம் இல்லாம 225 பார்ல 8 மணி நேரம் போட்டாலும் அதே 6.48. ரெண்டும் ஒண்ணுதானே?

உப்புத்தண்ணி:
தம்பியே 12-னு எழுதிட்டார் பாருங்க.

அக்ரோ_அண்ணாநகர்:
தம்பி 8-னும் எழுதியிருக்கார். கண்ணாடியைத் துடைச்சுட்டுப் படிங்க.

கொளத்தூர்_கோமாளிமீன்:
மணியை விடுங்க, வெயிலைப் பாருங்க. அக்னி நட்சத்திரத்துல தண்ணி 30 டிகிரியைத் தாண்டும்போது லைட்டும் உச்சியில இருந்தா அதுதான் கொலை. சூடும் வெளிச்சமும் சேர்ந்துதான் வெளுக்க வைக்கும். மேல ரெண்டு 12 வோல்ட் ஃபேன் வெச்சா ஆவியாகி 2, 3 டிகிரி இறங்கும். ஆனா மதியம் கடல்காத்து உள்ள வந்து காத்துல ஈரம் ஏறினதும் ஃபேன் திணறும். ஃபேன் ஓடினா தண்ணியும் குறையும், ஆர்ஓ தண்ணியால ஈடு பண்ணலேன்னா உப்பு ஏறிடும். சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கற மெஷின்) இல்லாதவங்க லைட்டை சாயங்காலத்துக்குத் தள்ளுங்க. பெட்ரூம் டேங்க்னா ஏசி ஓடற நேரத்துல உச்சி வரட்டும். பவளத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான், அதுக்கென்ன ராகுகாலமா தெரியும்?

அக்ரோ_அண்ணாநகர்:
நல்ல யோசனை. ஆனா 12 மணி நேரத்தை எந்த சாயங்காலத்துல அடைப்பீங்க?

நானோ_நந்தம்பாக்கம்:
வணக்கம், புதுசு. 2 அடி நீளம், 1.5 அகலம், 1.5 உயரம். பவளத்துல சோயாந்தஸ், மஷ்ரூம், ஒரு ஹாமர். மேல 165 வாட் பிளாக் பாக்ஸ். நீலம், வெள்ளை ரெண்டுக்கும் தனித்தனி வயர். எவ்ளோ வைக்கணும்? மொபைல்ல லக்ஸ் ஆப் போட்டு 54-ஆல வகுத்தா பார் 60-தான் காட்டுது. ரெண்டையும் 100 சதவீதம் வைக்கவா?

அக்ரோ_அண்ணாநகர்:
வைக்காதீங்க! 54 சூரிய வெளிச்சத்துக்கான எண். லக்ஸ்ங்கறது மனுசக் கண்ணுக்கு, பச்சைக்கு எடை அதிகம். 450 நானோமீட்டர் நீலத்தை அது கண்டுக்கவே கண்டுக்காது. அதனால ஆப் 60-னு சொல்ற இடத்துல உண்மையில அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கும். பத்தலேன்னு நினைச்சு ஏத்துவீங்க, ஹாமர் ஒரே வாரத்துல சுருங்கிப்போகும்.

லைட்டை தண்ணிக்கு 10, 12 இன்ச் மேல தொங்கவிடுங்க. நீலம் 40, வெள்ளை 10-ல ஆரம்பிச்சு வாரத்துக்கு 5-க்கு மேல ஏத்தாதீங்க. மஷ்ரூம் ஓரமா நிழல்ல, 50 பார் போதும். சோயாந்தஸ் நடுவுல. ஹாமருக்கு 100 பார் பக்கம், மணலுக்கு கொஞ்சம் மேல. சோயாந்தஸ் கழுத்தை நீட்டினா வெளிச்சம் பத்தல. ஹாமர் பகல்ல உப்பாம ஒடுங்கி நிறம் வெளிறினா அதிகம். நிஜ பார் மீட்டர் யார்கிட்டயாவது ஒரு நாள் வாங்கி நடுவுலயும் நாலு மூலையிலயும் அளங்க. அலை ஓடும்போது எண் குதிக்கும், சராசரி எடுத்துக்கணும். நேரம் 8 மணி, 8 மணிக்கு மேல ஒரு நிமிஷம் வேண்டாம்.

உப்புத்தண்ணி:
சின்னப் பையனைப் பயமுறுத்தாதீங்க. 40 வெச்சா 12 மணி நேரம் தாராளமா போடலாம்.

அக்ரோ_அண்ணாநகர்:
40-ல 12 மணின்னு நேத்து சொன்னீங்களா? வெறும் 12-னுதானே சொன்னீங்க?

உப்புத்தண்ணி:
12-னு சொன்னேன். இப்பவும் 12-தான்.

டைமர்_தம்பி:
நானோ ப்ரோ, வயர் ரெண்டு இருக்கறதால டைமரும் ரெண்டு போடுங்க. நீலம் முதல்ல, ஒரு மணி கழிச்சு வெள்ளை. அணைக்கும்போது வெள்ளை ஒரு மணி முன்னாடி. ஏத்தம் இறக்கம் இல்லாத பெட்டிக்கு இதுதான் ஏழையின் சூரியோதயம். முள்ளு சுத்துற மெக்கானிக்கல் டைமர் வேண்டாம். கரண்ட் போனா அதுவும் நின்னுடும். ரெண்டு மணி நேரம் பவர் கட்னா, அன்னிலேர்ந்து எல்லாமே ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் ஓடும். உள்ள பேட்டரி இருக்கற டிஜிட்டல் டைமர் வாங்குங்க.

(என் முந்தைய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.)

கொளத்தூர்_கோமாளிமீன்:
லைட் பெட்டிக்கு மேல இருக்கற ஃபேனை மாசம் ஒரு தடவை பிரஷ்ஷால தட்டுங்க. உப்பும் தூசியும் ஏறி ஃபேன் நின்னா டிரைவர் (எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கற பாகம்) சூடாகி அணையும். கீழ இருக்கற கண்ணாடியில உப்புத் தெறிப்பு படியும், வாரம் ஒரு தடவை ஆர்ஓ தண்ணியில துடைக்கணும். படிஞ்ச நிலையில சதவீதம் ஏத்திட்டு, அப்புறமா துடைச்சீங்கன்னா அன்னிக்கே பவளத்துக்கு ஷாக்.

உப்புத்தண்ணி:
பிளாக் பாக்ஸ் புராணம் போதும். டி5 (பழைய ட்யூப் லைட்) காலத்துல எல்லாரும் 10, 12 மணி நேரம் போட்டாங்க, பவளம் நல்லாத்தான் இருந்துச்சு.

அக்ரோ_அண்ணாநகர்:
வந்துட்டார் டி5-க்கு! போன மாசம் "டி5 பல்பை ரெண்டு வருசம் மாத்த வேண்டாம்"னு வாதாடினவர் நீங்கதானே? 9 மாசத்துலேர்ந்து 12 மாசத்துக்குள்ள மாத்தணும்னு சொன்னதுக்கு "வியாபாரி"ன்னு என்னைத் திட்டினீங்க. பழைய பல்புல 12 மணி நேரம் போட்டா புதுசுல 8 போட்ட மாதிரிதான். உங்க 12-க்கு ரகசியம் அதுதானா?

உப்புத்தண்ணி:
வியாபாரின்னு சொன்னது தப்புன்னா, இந்த இழையில மூணு தடவை பார் மீட்டர் வாங்கச் சொன்னது யார்?

அக்ரோ_அண்ணாநகர்:
ஒரு தடவைதான். அதுவும் இரவல் வாங்கச் சொன்னேன். எண்ணிக்கை உங்களுக்கு வராதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

பாசி_பாலவாக்கம்:
12 மணி நேரம் போட்டா பச்சைப் பாசி வராதா?

உப்புத்தண்ணி:
பாசிக்குக் காரணம் பாஸ்பேட், லைட் இல்ல. பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1, நைட்ரேட் 5-லிருந்து 10 பிபிஎம் வெச்சுக்கோங்க. ரெண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனா டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்ங்கற நுண்ணுயிர்) வந்து நூல் நூலா தொங்கும், அது பாசியைவிட மோசம். 12 மணி நேரத்து மேல பழி போடாதீங்க.

அக்ரோ_அண்ணாநகர்:
முதல் பாதி சரி. சாப்பாடு இருந்தாலும் லைட் இல்லாம பாசி வளருமா? பாஸ்பேட் 0.3 இருக்கற டேங்க்ல 12 மணி நேரம் போட்டுப் பாருங்க. மேற்கு ஜன்னல் பக்கத்துல டேங்க் இருந்தா அந்த வெயிலையும் உங்க 12-ஓட கூட்டிக்கோங்க.

நானோ_நந்தம்பாக்கம்:
ஒரு சந்தேகம். ராமேஸ்வரம் பக்கம் கடல்ல எடுத்த துண்டு ஒண்ணு தரேன்னு ஒருத்தர் சொல்றார். அதுக்கு எத்தனை மணி நேரம்?

பாம்பன்_காத்து:
அதுக்கு ஜாமீன் கிடைக்க எத்தனை நாள்னு கேளுங்க. கல் பவளம் எல்லாமே 2001-லிருந்து 1972 வனவிலங்குச் சட்டத்துல அட்டவணை 1. புலி இருக்கற பட்டியல். செத்த கல்லு வெச்சிருந்தாலும் குற்றம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா வேற. தொடாதீங்க.

உப்புத்தண்ணி:
சட்டம் சரி. ஆனா அந்தக் கடல்ல அதுக்கு எத்தனை மணி நேரம் வெளிச்சம் கிடைச்சுது? 12.

அக்ரோ_அண்ணாநகர்:
அடக்கடவுளே.

பாம்பன்_காத்து:
ஐயா, நான் சட்டம் பேசினேன்.

டைமர்_தம்பி:
ஏத்தம் இறக்கம் சேர்த்தா, சேர்க்காமலா? மூணாவது தடவை கேக்கறேன்.

கொளத்தூர்_கோமாளிமீன்:
தம்பி, விட்டுடு. நானோ, உங்க வீட்டுல சில்லர் இல்லேல்ல? சாயங்காலம் 4 மணிக்கு நீலம், 5-க்கு வெள்ளை. ராத்திரி 11-க்கு வெள்ளையை அணைங்க, 12-க்கு நீலம். ராத்திரி பூரா நிலா வெளிச்சம்னு நீலத்தை எரிய விடாதீங்க, மீனும் தூங்கணும்.

நானோ_நந்தம்பாக்கம்:
நன்றிண்ணே. நாளைக்கே செட் பண்றேன். 4 டு 12.

உப்புத்தண்ணி:
கடைசியில 12-க்கு வந்தீங்களா இல்லையா?

அக்ரோ_அண்ணாநகர்:
அது கடிகாரத்து 12! 4-லிருந்து 12 வரை எத்தனை மணி நேரம்னு விரல் விட்டு எண்ணுங்க.

உப்புத்தண்ணி:
எண்ணிக்கை எனக்கு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க.